கூடையில் விழுந்த சங்கிலி

என் உள்ளங்கையில் ஒரு பூவை வைத்து என்னைத் தங்கையாக்கிக்கொண்ட திலகம் அக்காவுக்கு,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறாளே, என்ன விஷயம் என்று நீ கேட்க மாட்டாய். நீ யாரையும் அப்படித் துருவிக் கேட்டவள் இல்லை. துருவுவது என் சுபாவம். இன்றைக்கும் பால்காரர் தானாக வந்து, "தண்ணி கலக்கலம்மா" என்று சொன்னால், அன்றைக்குத்தான் பாலை இரண்டு தரம் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். நம் விடுதிக்கு வெள்ளி விழா வருகிறது. மலர் போடுகிறார்கள். விடுதி திருத்தணியில் இருந்த அந்த ஒரு வருஷத்தைப் பற்றிய பக்கத்தை, அச்சுக்குப் போகும் முன்னால் சரிபார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார்கள். நான் இந்த ஊரிலேயே பெண்கள் பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருக்கிறேன் அல்லவா, ஊர்ப்பெயர் தெருப்பெயர் தப்பில்லாமல் பார்த்துக் கொடுப்பேன் என்று நினைத்திருக்கிறார்கள். ஊர்ப்பெயரில் தப்பு இல்லை. உன் விஷயத்தில்தான் தப்பு.

அதில் உன் பெயர் கிடையாது. "தவறிழைத்த ஒரு மூத்த சகோதரி" என்று போட்டிருக்கிறார்கள். எடுத்த சங்கிலியைக் கூடையில் திருப்பி வைத்துவிட்டு, மனம் நொந்து, தன் கழுத்துச் சங்கிலியை மலைமேல் உண்டியலில் போட்டு அவள் பாவம் தீர்த்துக்கொண்டாளாம். விடுதி அவளைப் பெருந்தன்மையோடு மன்னித்ததாம். அந்த வருஷம் இங்கே இருந்த எவளுக்கும் அது நீதான் என்று தெரியும். இனிமேல் வரப்போகிறவளுக்கும் யாராவது காதோடு காதாகச் சொல்லிவிடுவார்கள். அக்கா, உன்னைத் திருடி என்று அச்சடித்து, அட்டை போட்டு, அலமாரியில் வைக்கப்போகிறார்கள். அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கும்படியாகத்தான் எழுதுகிறேன். அதனால் உனக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

பட்டணத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண்களுக்கான விடுதி அது. சேருகிற முதல் நாள் சாயங்காலம் புதுப் பெண்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டி வரிசையாக உட்கார வேண்டும். மூத்த பெண்கள் பின்னாலிருந்து வந்து ஆளுக்கு ஒருத்தியின் கையில் பூ வைப்பார்கள். யார் பூ வைத்தாளோ அவள் அக்கா, வாங்கிக்கொண்டவள் தங்கை. அன்றையிலிருந்து அக்காவை "நீ" என்றுதான் கூப்பிட வேண்டும். வாய் தவறி "நீங்க" என்று சொன்னால் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் பாட வேண்டும். நான் முதல் வாரத்தில் ஒன்பது பாட்டுப் பாடினேன். என் கிராமத்து நடவுப் பாட்டுகள் எல்லாம் தீர்ந்துபோய், கடைசியில் தெலுங்குத் தாலாட்டுக்கு வந்துவிட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

கையில் பூ விழுந்ததும் கண்ணைத் திறந்து, "ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தே? வேற யாரும் கிடைக்கலையா?" என்று நான் உன்னைக் கேட்டது நினைவிருக்கிறதா? கனகம்மாசத்திரத்துப் பக்கத்திலிருந்து வந்தவள், எண்ணெய் வழியும் தலை, தகரப் பெட்டி. வாலாஜா வக்கீல் வீட்டுப் பெண் என்னை ஏன் பிடிக்க வேண்டும் என்று எனக்குச் சந்தேகம். "கடைசியில் வந்தேன், நீதான் மிச்சம் இருந்தே" என்றாய். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. அதில் பொய் இருக்க முடியாது என்று நம்பினேன். அன்றிலிருந்து நான் உனக்கு "சி.ஐ.டி.".

இப்போது கூடை. விடுதியில் யாருடைய பொருளாவது காணாமல் போனால் விசாரணை கிடையாது, பெட்டி சோதனை கிடையாது. தாழ்வாரக் கோடியில் இருந்த சின்ன அறையில் மூங்கில் கூடை ஒன்றை வைத்து மேலே மஞ்சள் துணி போட்டுவிடுவார்கள். மூன்று நாளைக்கு, வார்டன் அம்மா உட்பட எல்லோரும் தினம் ஒரு தரம் தனியாக உள்ளே போய்த் துணிக்கடியில் கையை விட்டு எடுத்துவிட்டு வர வேண்டும். எடுத்தவள் வைத்துவிடலாம், யாருக்கும் தெரியாது. மூன்றாம் நாள் துணியோடு கூடை பறிகொடுத்தவளிடம் போகும். அவள் மட்டும் பார்ப்பாள். பொருள் இருந்தால் "கிடைத்தது" என்று ஒரே வார்த்தை சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு அதைப் பற்றி யாரும் யாரையும் ஒன்றும் கேட்கக் கூடாது. கிடைக்கவில்லை என்றால் மட்டும் வார்டன் அம்மா தன் இஷ்டப்படி செய்யலாம்.

இந்த வழக்கம் எப்படி வந்தது என்பதற்கே மூன்று கதை. முதல் வார்டனாக இருந்த துரைசானி தன் சீமையிலிருந்து கொண்டுவந்தது என்று மலரில் போட்டிருக்கிறார்கள். ஒரு காந்தி பக்தை ஆரம்பித்தது என்று பழைய மாணவிகள் சொல்வார்கள். சமையற்கார அம்மாளைக் கேட்டால், அது காய்கறிக் கூடை, ஒரு நாள் யாரோ அதில் வெள்ளி டம்ளரை ஒளித்துவைத்தாள், அவ்வளவுதான் என்பாள். மூன்றையும் நான் நம்பியதில்லை. சந்தேகத்தைத் தீர்க்க வந்த கூடை என்று பெருமையாகச் சொல்வார்கள். என் கண்ணுக்கு அது சந்தேகத்தை மூடிவைக்கிற கூடையாகத்தான் தெரிந்தது. நான் சொன்னபோது நீ, "மூடியாவது இருக்கட்டுமே" என்றாய்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியான வருஷம், விடுதி இங்கே வந்தது. மலையடிவாரத்தில் காவடி எடுத்து வருகிறவர்கள் தங்கும் சத்திரம் ஒன்றை வாடகைக்குப் பிடித்தார்கள். பெஞ்சு, மணி, மண்ணெண்ணெய் விளக்கு, கூடை எல்லாம் கூட்ஸ் வண்டியில் வந்து இறங்கின. அறைகள் போதாமல் நீளக் கூடத்தில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். ஆசிரியர்கள் ரயிலில் வந்து பாடம் நடத்திவிட்டுப் போனார்கள். குரங்குகள் ஜன்னலில் உட்கார்ந்து நம்மோடு சேர்ந்து பாடம் கேட்டன. பட்டணத்துப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கோ சொந்த ஊருக்கு வந்த மாதிரி.

என் நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. படிக்கப்போன பெண்ணைத் தேடிப் படிப்பே பக்கத்தில் வந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். வாரத்துக்கு இரண்டு தரம் வண்டி கட்டிக்கொண்டு கத்தரிக்காயும் வேர்க்கடலையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி: "இன்னா கண்ணு, இளைச்சிப் பூட்டே? அந்த அக்காப் பொண்ணு சோறு போடுதா இல்லியா?" உன்னைப் பார்த்தால் துண்டை இடுப்பில் கட்டிக்கொள்வார். எனக்கு அவமானமாக இருக்கும். நீ மட்டும் "வாங்க நைனா" என்பாய்.

அதே நைனாதான், எங்கேயாவது என்னைப் பற்றித் தப்பாக ஒரு பேச்சு வந்தால் அன்றைக்கே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லித்தான் படிக்கவே அனுப்பினார். என்னைக் கட்டிக்கொள்ள என் பாவா, அத்தை மகன், பஞ்சகச்சத்தோடு தயாராக இருந்தான். ஒரே ஒரு பேச்சு போதும், என் படிப்பு முடிந்தது. இதை உனக்கு நான்தான் சொல்லியிருந்தேன்.

ஆடிக் கிருத்திகைக்கு நாமெல்லாம் மலைக்குப் போனோம். ஊர் கொள்ளாத கூட்டம். திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து, சுலோசனாவின் கழுத்தில் சங்கிலி இல்லை என்று வார்டன் அம்மா கண்டுபிடித்தார். (சுலோசனா என்பது நான் இப்போது வைக்கிற பெயர். அவள் உண்மைப் பெயர் உனக்குத் தெரியும், மற்றவர்களுக்கு வேண்டாம்.) "குளிக்கக் கழற்றி வைத்தேன், காணோம்" என்றாள் அவள். கூடை வைத்தார்கள்.

அந்த மூன்று நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. கேட்கக் கூடாது என்பதுதான் சட்டம், பார்க்கக் கூடாது என்று சட்டம் இல்லையே. யார் அறைக்குள் எவ்வளவு நேரம் இருந்தாள், யாருடைய வளையல் சத்தம் போட்டது, யார் வெளியே வரும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டாள் என்று எல்லோரும் கணக்குப் பார்த்தார்கள். நான் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றது. எனக்குத் தெரியாமல் ஏதோ துப்புக் கிடைத்திருக்கிறது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சந்தேகம் யார் மேல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சோதனை கிடையாது என்பதெல்லாம் விடுதிக்காரர்களுக்குத்தான். தண்ணீர் சேந்தித் தூக்க வந்துகொண்டிருந்த முனியம்மாவை வாசலில் நிறுத்தி முந்தானையை உதறச் சொன்னார்கள். "இன்னாம்மா இது அக்குரும்பு! காலையில இருந்து குடம் தூக்கிகினு கெடக்கறேன், எந்தக் கையால நான் நகைய எடுக்கறது?" என்று அவள் சத்தம் போட்டாள். அன்றைக்கு நைனாவின் வண்டியையும் வாசலில் நிறுத்தி, காவல்காரன் மூட்டைகளைக் குத்திப் பார்த்தான். "இன்னாடா, கத்திரிக்காயில இன்னாத்த தேடிகினு கீறே?" என்று கேட்டுவிட்டு நைனா சிரித்தார். யுத்த காலம், அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்கிறார்கள் என்று அவரே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டார். நானும் அதை நம்பினேன். பால்காரரை நம்பாத நான்!

மூன்றாம் நாள் கூடை சுலோசனாவிடம் போனது. துணியைத் தூக்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, "கிடைத்தது" என்றாள். வார்டன் அம்மா மணி அடித்தார். வழக்கப்படி எல்லோருக்கும் பாயசம். அன்று சாயங்காலம் உன் கழுத்தில் சங்கிலி இல்லை.

அதைப் பார்க்காதவர்கள் யார்? ஒருத்தி மட்டும் துணிந்து ஜாடையாகக் கேட்டாள். "மலையில் உண்டியலில் போட்டுட்டேன், வேண்டுதல்" என்றாய். அவ்வளவுதான், அதுவே தீர்ப்பாகிவிட்டது. திருத்தணிக்கு வருகிறவர்களின் கணக்கு உனக்குத் தெரியாதா? தப்புச் செய்தவர்கள்தான் இங்கே உடம்பில் இருக்கிற பொன்னைக் கழற்றி உண்டியலில் போடுவார்கள் என்று ஊரே சொல்லும். எடுத்ததைக் கூடையில் வைத்தாள், எடுத்த பாவத்துக்குத் தன்னுடையதை முருகனுக்குக் கொடுத்தாள் என்று கதை முடிந்துவிட்டது. யாரும் உன்னைத் திட்டவில்லை. உன் மறுபக்கத்தில் பாய் போடுகிறவள் தள்ளிப் போட்டாள், சோப்புப் பெட்டியைப் பூட்டி வைத்தார்கள், அவ்வளவுதான். வழக்கம் வழக்கம் என்று வாயைக் கட்டிக்கொண்டே உன்னைக் கொன்றார்கள்.

நீ எடுத்தாய் என்று நான் ஒரு கணம்கூட நம்பவில்லை. அதே சமயம் உண்டியல் கதையையும் நம்பவில்லை. சாமி கும்பிடும்போதுகூடக் கொட்டாவி விடுகிறவள் நீ. "அக்கா, உண்மையைச் சொல்லு" என்றேன். "கூடை வைத்தபிறகு கேட்கக் கூடாது, சி.ஐ.டி. பாட்டுப் பாடு" என்று சிரித்தாய். முனியம்மாவைக் காப்பாற்றத்தான் ஏதோ செய்திருக்கிறாய் என்று நானே முடிவு செய்துகொண்டு, அதற்காக உன்மேல் இன்னும் பிரியம் வைத்தேன். அடுத்த வருஷம், விடுதி பட்டணத்துக்குத் திரும்பிய கொஞ்ச நாளில், விஷ ஜுரம் உன்னைக் கொண்டுபோய்விட்டது. பரீட்சைகூட எழுதவில்லை. நம் விடுதியில் படிப்பு முடித்துப் போகிறவள் சாப்பாட்டு மணியை ஒரு தரம் அடித்துவிட்டுப் போவாளே, உனக்காக யாரும் அதை அடிக்கவில்லை.

நீ போன பிறகு என்னென்னவோ நடந்துவிட்டது. சுதந்திரம் வந்துவிட்டது. ரயிலில் கூட்டம் கூடிவிட்டது, அரிசிக்கு நிற்கிற வரிசை இன்னும் போகவில்லை. திருத்தணி தமிழர் பக்கமா தெலுங்கர் பக்கமா என்று கடைத்தெருவில் சண்டை போடுகிறார்கள். என் நைனா இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு வருகிறார். பாவாவுக்கு வேறு பெண் கட்டிவிட்டார்கள். நான் பி.ஏ., எல்.டி. முடித்து இங்கேயே வேலைக்கு வந்துவிட்டேன். அடுத்த வருஷம் என்னைத் தலைமையாசிரியையாகப் போடலாமா என்று நிர்வாகத்தில் யோசிக்கிறார்களாம். இதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மலர்ப் பக்கத்தைப் படித்ததும் ரயிலேறிப் பட்டணம் போனேன். அதை எழுதியது யார் என்று விசாரித்தால், சுலோசனா. விழாக் கமிட்டியில் அவள்தான் பெரிய ஆள். மாம்பலத்தில் வீடு, வாசலில் கார். பறிகொடுத்தவளே ஏன் இதைத் தேடிப்பிடித்து எழுத வேண்டும்? யாரும் மறந்துவிடக் கூடாது என்று அவளுக்கு என்ன அக்கறை? ரயிலில் போகும்போதே எனக்கு இது உறுத்திக்கொண்டிருந்தது.

காப்பி கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. கூடை வைத்தபின் கேட்கக் கூடாத கேள்வியைக் கேட்டேன்.

"அன்றைக்குக் கூடையில் இருந்தது உன் சங்கிலிதானா?"

அவள் டம்ளரை மேஜைமேல் வைத்தாள். "ஏன் கேட்கிறே?"

"உன்னுடையதா இல்லையா?"

"இல்லை" என்றாள்.

அக்கா, ஏழு வருஷமாக நான் தேடிய ஒரு வார்த்தை, காப்பி ஆறுவதற்குள் வந்து விழுந்துவிட்டது. அவள் சங்கிலி திருட்டுப் போகவே இல்லை. அவளே ஒருவருக்குக் கொடுத்திருக்கிறாள். யாருக்கு, எதற்கு என்று சொன்னாள். கெட்ட காரியம் இல்லை. அந்த இரண்டையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன், உனக்கும் எழுத மாட்டேன். வெளியே தெரிந்தால் நிஜமாகவே ஒரு குடும்பம் உடையும். கூடையில் உன் சங்கிலியைப் பார்த்ததும் அவளுக்கு உடனே தெரிந்துவிட்டதாம். கிடைக்கவில்லை என்று சொன்னால் போலீஸ் வரும், தன் குட்டு உடையும். அதனால் ஒரே வார்த்தை சொல்லிவிட்டு, அந்தச் சங்கிலியைப் போட்டுக்கொண்டே ஊருக்குப் போயிருக்கிறாள். இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்ததால் விடுதியில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவள் அம்மா சங்கிலியைப் பார்த்தாராம், மகள் முகத்தைப் பார்த்தாராம், வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாராம்.

"செத்துப் போனவளைத் திருடியாக்கி எழுதியிருக்கியே, உனக்கு மனசு வந்ததா?" என்று கத்தினேன்.

"திருடின்னா எழுதினேன்? திருந்தினாள்னுதானே எழுதினேன்" என்றாள். பிறகு மெதுவாக, "யாராவது பழசைக் கிளறினால், இது ஏற்கெனவே முடிந்த கதைன்னு இருக்கட்டும்னு நினைச்சேன்" என்றாள். பயம்தான் அக்கா. பயந்தவள் எழுதிய சரித்திரம் அது.

"ஒரு தண்ணி தூக்குகிற ஏழைப் பெண்ணுக்காக அவள் தன் சங்கிலியைக் கொடுத்தாள், நீ..." என்று நான் ஆரம்பித்தேன்.

சுலோசனா என்னை வினோதமாகப் பார்த்தாள். "முனியம்மாவுக்காகவா? ருக்கு, உனக்கு நிஜமாகவே தெரியாதா?"

அந்த மூன்றாம் நாள் காலையில் வார்டன் அம்மா சுலோசனாவையும், மூத்தவள் என்பதால் உன்னையும் கூப்பிட்டு ஆலோசனை கேட்டாராம். முனியம்மாவிடம் ஒன்றும் இல்லை, உதறிப் பார்த்தாகிவிட்டது. ஆனால் அந்தக் கிராமத்துப் பெண்ணின் தகப்பன் வாரம் இரண்டு தரம் மூட்டையோடு வருகிறான், வெறும் சாக்கோடு போகிறான், சங்கிலி அந்த வழியில்தான் போயிருக்க வேண்டும் என்றாராம். கூடை காலியாக வந்தால் மத்தியானமே போலீஸுக்குச் சொல்லி வண்டியை மறித்து அவரைக் கொண்டுபோகச் சொல்கிறேன் என்றாராம். கூடமே அப்படித்தான் பேசிக்கொண்டிருந்ததாம். "நான் வாயைத் திறக்கவில்லை. திலகம் மட்டும், 'நான் இன்றைக்கு இன்னும் கூடைக்குப் போகவில்லை, போய்விட்டு வருகிறேன்' என்று எழுந்து போனாள்" என்றாள் சுலோசனா.

நான் நுழைந்தால் பேச்சு ஏன் நின்றது? காவல்காரன் கத்தரிக்காயில் எதைத் தேடினான்? எல்லோரையும் சந்தேகப்பட்டுக்கொண்டு திரிந்த நான், எல்லோரும் என்னைத்தான் சந்தேகப்படுகிறார்கள் என்று மட்டும் சந்தேகப்படவே இல்லையே. உனக்கு எவ்வளவு சிரிப்பு வந்திருக்கும்! இல்லை, சிரித்திருக்க மாட்டாய். அந்த ஒரு வருஷமும் நான் உன் பக்கத்தில் பாய் போட்டுக்கொண்டு, யாரைக் காப்பாற்றினாய் யாரைக் காப்பாற்றினாய் என்று உன்னையே நச்சரித்தேனே. ஒரு தரமாவது வாய் தவறிச் சொல்லியிருக்கக் கூடாதா?

சுலோசனா உள்ளே போய் உன் சங்கிலியைக் கொண்டுவந்து நீட்டினாள். "நீ எடுத்துக்கொண்டு போ" என்றாள். நான் தொடவில்லை. "உன் வீட்டிலிருந்து சங்கிலியோடு நான் வெளியே வந்தால் நன்றாகத்தான் இருக்கும்! வாலாஜாவில் திலகத்தின் அம்மா இருக்கிறாள், நீயே கொண்டுபோய்க் கொடு" என்றேன். கொடுப்பாளா? தெரியவில்லை. நான் படியிறங்கும்போது, "வெளியே சொன்னால், இப்படி நான் பேசவே இல்லை என்று சொல்லிவிடுவேன்" என்றாள். அழுதுகொண்டேதான் சொன்னாள். அவளை முழுசாக வெறுக்கவும் என்னால் முடியவில்லை.

ஊருக்கு வந்து மூன்று நாள் யோசித்தேன். கூடையில் விழுந்தது உன் சொந்தச் சங்கிலி என்று நான் சொல்லலாம். என் நைனாவையும் என்னையும் காப்பாற்றப் போட்டாய் என்றும் சொல்லலாம். அப்படியானால் சுலோசனாவின் சங்கிலி எங்கே என்று கேட்பார்கள். தெரியும், சொல்ல மாட்டேன் என்பேன். சுலோசனா இல்லை என்பாள். அப்புறம் ஊர் என்ன சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கிராமத்துக்காரிதான் எடுத்திருக்கிறாள், அன்றைக்கே நாங்கள் நினைத்தோம் என்பார்கள். நிர்வாகம் தலைமையாசிரியை நாற்காலிக்கு வேறு ஆள் தேடும். என்னைவிட நைனாவை நினைத்துத்தான் தயங்கினேன். இன்றைக்கும் அவர், "எம் பொண்ணு படிச்ச விடுதி" என்று சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறார்.

அவரிடம் சொல்லாமல் ஒன்றும் செய்யக் கூடாது என்று நேற்று ஊருக்குப் போய்ச் சொன்னேன். களத்தில் கடலை காயப்போட்டிருந்தார். கேட்டுக்கொண்டே கிளறிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"என்னியா? நான் எடுத்துகினு போனேன்னா நெனச்சாங்க?"

"ஆங், நைனா."

"நான் அரிசிக்குப் பாக்கறாங்கன்னு நெனச்சேனே." கையில் இருந்த கடலையைக் களத்தில் போட்டார். "போலீஸ்காரன் என்ன இஸ்துகினு போயிருந்தா உன்ன அன்னிக்கே கூட்டியாந்திருப்பேன் கண்ணு. ஒரே நாள்ல எல்லாம் பூட்டிருக்கும். அந்தப் பொண்ணுக்கு இது தெரியும், இல்ல?"

"தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்."

"அது ஜொரத்துல கெடக்கசொல்ல நாம ஒருவாட்டி போய்ப் பாக்கலியே." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "போய்ச் சொல்லு. அப்பால ஜனங்க இன்னா வோணா பேசிக்கட்டும். நானும் வரேன். முன்னாடி குந்திக்கிறேன், எல்லாரும் என் மூஞ்சப் பாத்துகினே கேக்கட்டும்."

அக்கா, கமிட்டிக்கு இன்று காலையில் எழுதிப் போட்டுவிட்டேன். அந்தப் பத்தியை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அதன் கீழேயே என் பெயரோடு என் வார்த்தையையும் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இரண்டும் செய்யாமல் நழுவப் பார்ப்பார்கள், எனக்கு அவர்கள்மேல் துளி நம்பிக்கை இல்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். விழாவன்று கூட்டத்தில் எழுந்து நின்று, கூடைக்குள் சங்கிலியைப் போட்டவள் திருடி இல்லை, அது அவள் கழுத்துச் சங்கிலி, அது எனக்காக விழுந்தது என்று உரக்கச் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

சந்தேகம் உன்னை விட்டு எழுந்தால் இன்னொருத்தர் மேல்தான் போய் உட்காரும். என் மேல் உட்காரட்டும். நான் உயிரோடு இருக்கிறேன், யார் கேட்டாலும் என்னால் பதில் சொல்ல முடியும்.

உன் தங்கை,
ருக்கு